மூன்று இருக்கைகள், ஆறு தேர்தல்கள்: டர்ஹாமில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் வரலாறு குறித்த நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மாநிலக் கீழவைக்கு 1978, 1980, 1982 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தொடர்ந்து வென்ற ஒரு கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் வரலாறே இந்த ஆய்வின் பொருள். அவர் பெயரும், அவருடன் போட்டியிட்டவர்களின் பெயர்களும் இங்கே தேவைப்படவில்லை. அவர் பெற்ற வெற்றிகள், அவரே தொடுக்காத ஒரு வழக்கின் வழியாக 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்து, அவருடைய தொகுதியை மற்ற தொகுதிகளிலிருந்து பிரித்துக் காட்டின. ஒரே புள்ளிவிவரங்களைக் கீழமை நீதிமன்றம் ஒரு விதமாகவும் உச்ச நீதிமன்றம் அதற்கு நேர்மாறாகவும் படித்தன. தேர்தல் முடிவுகளைத் தொகுப்போரும் அவற்றைக் கொண்டு வாதிடுவோரும் அந்த இரு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிந்திருப்பது பயனுள்ளது என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

வட கரோலினாவின் கீழவையில் 120 உறுப்பினர்கள், மேலவையில் 50 உறுப்பினர்கள். 1968இல் ஏற்கப்பட்ட மாநில அரசியலமைப்புத் திருத்தம், தொகுதிகளை வரையும்போது எந்தக் கவுண்டியையும் பிளக்கக் கூடாது என்றது. மக்கள்தொகை மிகுந்த கவுண்டிகளுக்குப் பல உறுப்பினர்கள் உரியவர்கள் ஆதலால், கவுண்டி முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து, அதிலிருந்து மூவரையோ ஐவரையோ எண்மரையோ தேர்ந்தெடுக்கும் வழக்கம் இதனால் உறுதிப்பட்டது. மாநிலத்தின் 100 கவுண்டிகளில் 40 மட்டுமே, தேர்தல் விதி மாற்றங்களுக்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் பெற வேண்டிய நிலையில் இருந்தன. அந்தக் கவுண்டிகளைப் பொறுத்தவரை இந்தப் பிளவுத்தடையை மத்திய நீதித்துறை 1981 நவம்பரில் ஏற்க மறுத்தது. அதன்பின் மாநிலச் சட்டமன்றம் 1982 ஏப்ரலில் திருத்திய வரைவை நிறைவேற்றியபோது அத்தகைய கவுண்டிகள் சில பிளக்கப்பட்டன. பெருநகரக் கவுண்டிகளோ பெரும்பாலும் பழைய வடிவிலேயே நின்றன. மெக்லென்பர்க் கவுண்டி எண்மரை அனுப்பும் ஒரே தொகுதியாகவும், வேக் கவுண்டி அறுவரை அனுப்பும் தொகுதியாகவும் இருந்தன. 23 என எண்ணிடப்பட்ட டர்ஹாம் மூவரை அனுப்பியது.

டர்ஹாமின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 36.3 விழுக்காட்டினர், பதிவு பெற்ற வாக்காளர்களிலோ அவர்கள் 28.6 விழுக்காட்டினர் மட்டுமே. இந்த இடைவெளிக்கு நீண்ட வரலாறு உண்டு. எழுத்தறிவுத் தேர்வும், ஆளுக்கு இவ்வளவு என விதிக்கப்படும் தலைவரியும் 1900இல் வாக்குரிமைக்கு நிபந்தனைகளாக வைக்கப்பட்டன. தலைவரி 1920இல் நீங்கியது. எழுத்தறிவுத் தேர்வோ 1970 வரை தொடர்ந்தது. 1982இல்கூட, மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் வயதுடைய வெள்ளையினத்தவரில் 66.7 விழுக்காட்டினர் பதிவு பெற்றிருக்க, கறுப்பினத்தவரில் 52.7 விழுக்காட்டினரே பதிவு பெற்றிருந்தனர். 1971 முதல் 1982 வரை 120 பேர் கொண்ட கீழவையில் எந்த நேரத்திலும் கறுப்பினத்தவர் இருவர் முதல் நால்வர் வரையே இருந்தனர். ஆகவே அந்த நால்வருக்குள் ஒருவரைத் தவறாமல் அனுப்பிய டர்ஹாம், மாநில அளவில் ஒரு விதிவிலக்காகத் தெரிந்ததில் வியப்பில்லை.

தொகுதி இயங்கிய விதம்

மூன்று இருக்கைகள் உள்ள தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். ஒரு வேட்பாளருக்கு ஒன்றுக்கு மேல் தர முடியாது. மூன்றையும் பயன்படுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. சிறுபான்மை வாக்காளர்களின் உத்தி இங்கிருந்துதான் பிறக்கிறது. தமக்கு வேண்டிய ஒருவருக்கு மட்டும் வாக்களித்து மற்ற இரண்டையும் வீணாக விட்டுவிட்டால், அவருடைய போட்டியாளர்களின் எண்ணிக்கை உயராது. அந்நாட்டில் இதைச் சிங்கிள் ஷாட் வாக்களிப்பு என்பார்கள். இங்கே தனிக்குறி வாக்கு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 1,000 வாக்காளர்களில் 300 பேர் சிறுபான்மையினர் என்றும், ஆறு வேட்பாளர்களில் ஒருவர் மட்டுமே அவர்களுடைய விருப்பத்துக்குரியவர் என்றும் கொள்வோம். பெரும்பான்மையினர் 700 பேரில் 112 பேர் அவருக்கு ஒரு வாக்குத் தருகிறார்கள். அவர்களிடம் எஞ்சும் 1,988 வாக்குகள் மற்ற ஐவருக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்து ஆளுக்கு 398 ஆகின்றன. சிறுபான்மையினர் 300 பேரும் தனிக்குறி வாக்களித்தால் அவர் 412 பெற்று முதலிடத்தில் நிற்பார். அதே 300 பேர் மீதமுள்ள தம் 600 வாக்குகளையும் மற்ற ஐவருக்குப் பகிர்ந்தால் அந்த ஐவரும் 518ஐ எட்டுவார்கள். அவர் அதே 412உடன் கடைசி இடத்துக்குப் போவார். வேட்பாளரின் ஆதரவில் ஒரு வாக்கும் குறையவில்லை, கூடவும் இல்லை. உண்மையில் வாக்குகள் இவ்வளவு சமமாகப் பிரிவதில்லை என்றாலும், சிறுபான்மையினரின் வெற்றிக்கு அவர்கள் தம் உரிமையில் மூன்றில் இரண்டு பங்கைக் கைவிட வேண்டியிருந்தது என்ற குற்றச்சாட்டின் அடிப்படை இதுதான்.

இந்த உத்தி செல்லாமற்போகும்படி, குறிப்பிட்ட சில கவுண்டிகளிலும் நகராட்சிகளிலும் எல்லா இருக்கைகளுக்கும் வாக்களித்தால் மட்டுமே வாக்குச்சீட்டு செல்லும் என்ற சட்டத்தை மாநிலம் 1955இல் கொண்டு வந்திருந்தது. 1967இல், பல உறுப்பினர் தொகுதிகள் சிலவற்றில் ஒவ்வோர் இருக்கைக்கும் எண் இட்டுத் தனித்தனிப் போட்டியாக்கும் முறையும் வந்தது. இரண்டையும் 1972இல் மத்திய நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது. டர்ஹாமிலிருந்து கறுப்பினத்தவர் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தொடர்ச்சி அதே 1972ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் தொடங்குகிறது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுகள் அருகருகே நிற்பதைக் குறித்து வைக்கிறேன்.

கண்டவை: 1978 முதல் 1982 வரை

வழக்கில் வாதிகளின் சார்பில் சான்றளித்த அறிஞர், மூன்று தேர்தல் ஆண்டுகளில் கறுப்பின வேட்பாளர்கள் நின்ற 53 சட்டமன்றப் போட்டிகளை ஆராய்ந்தார். வாக்கு இரகசியமானது ஆதலால் எந்த இனத்தவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை நேராக எண்ண முடியாது. ஏறத்தாழ முழுவதும் ஓரினத்தவரே வாழும் வாக்குச்சாவடிகளின் முடிவுகளைக் கொண்டும், எல்லாச் சாவடிகளிலும் இன விகிதத்துக்கும் வாக்கு விகிதத்துக்கும் உள்ள தொடர்பைக் கொண்டும் அவர் இரு வழிகளில் மதிப்பிட்டார். கீழே வரும் விகிதங்கள் எல்லாம் அந்த மதிப்பீடுகளே என்பதை வாசிப்போர் மறந்துவிடக் கூடாது.

1978இல் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளர்களைத் தெரிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில், கறுப்பின வேட்பாளர்கள் இருவர் நின்றனர். நம் உறுப்பினருக்குக் கறுப்பின வாக்காளர்களில் 92 விழுக்காட்டினரும் வெள்ளையின வாக்காளர்களில் 16 விழுக்காட்டினரும் வாக்களித்தனர். மற்றவருக்கு அவை முறையே 89, 10. முதலாமவர் கட்சி வேட்பாளரானார், இரண்டாமவர் தோற்றார். கறுப்பினத்தவர் ஏறத்தாழ எல்லாருமே இருவருக்கும் வாக்களித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு நிகழ்ந்தது தனிக்குறி வாக்கு என்பதைவிட இருகுறி வாக்கு என்பதே பொருந்தும். இருவரையும் பிரித்தது வெள்ளையினத்தவரிடையே இருந்த ஆறு விழுக்காடும் கறுப்பினத்தவரிடையே இருந்த மூன்று விழுக்காடுமே. நவம்பர் பொதுத் தேர்தலில், கட்சியின் சின்னம் கைக்கு வந்த பிறகு, அவருக்கு வெள்ளையினத்தவரில் 37 விழுக்காட்டினரும் கறுப்பினத்தவரில் 89 விழுக்காட்டினரும் வாக்களித்தனர்.

1980 பொதுத் தேர்தலில் அவர் பதவியில் இருந்த உறுப்பினராக நின்றார். வெள்ளையினத்தவர் ஆதரவு 49 விழுக்காட்டை எட்டியது, கறுப்பினத்தவர் ஆதரவு 90. மூன்று தேர்தல்களில் அவர் கண்ட உச்சம் இதுதான். இதுவும் பாதியைத் தொடவில்லை. பதவியில் இருப்பது இனப் பிளவைத் தணித்ததே தவிர நீக்கவில்லை என்றும், ஏறத்தாழப் போட்டியே இல்லாத தேர்தல்களில்கூட எந்தக் கறுப்பின உறுப்பினரும் வெள்ளையினத்தவரின் பெரும்பான்மை வாக்கைப் பெறவில்லை என்றும் விசாரணை நீதிமன்றம் பின்னர் பதிவு செய்தது.

1982ஆம் ஆண்டு உட்கட்சித் தேர்தலே இந்த வரலாற்றில் மிகுந்த கவனத்துக்கு உரியது. மூன்று இருக்கைகளுக்கு வெள்ளையின வேட்பாளர்கள் இருவர் மட்டுமே நின்றனர். அதாவது, யார் எப்படி வாக்களித்தாலும் கறுப்பினத்தவர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டே தீர வேண்டும். அந்த நிலையிலும், இருமுறை வென்று பதவியில் இருந்த அவருக்கு வெள்ளையினத்தவரில் 63 விழுக்காட்டினர் வாக்களிக்கவில்லை. கறுப்பினத்தவரில் 90 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 1978இல் அவருடன் நின்று தோற்ற அதே வேட்பாளர் இம்முறையும் நின்றார். ஆனால் அவருக்கு வெள்ளையினத்தவரில் 26 விழுக்காட்டினரும் கறுப்பினத்தவரில் 32 விழுக்காட்டினரும்தான் வாக்களித்தனர். நான்கு ஆண்டுகளில் 89இலிருந்து 32க்கு வந்த இந்த வீழ்ச்சியை, ஒருவரையேனும் காப்பாற்றிக்கொள்ள வாக்காளர்கள் தம் வாக்கை ஓரிடத்தில் குவித்ததன் அடையாளமாக நான் படிக்கிறேன். வேட்பாளரின் தனிப்பட்ட செல்வாக்குச் சரிந்ததும் ஒரு காரணமாகலாம். விகிதங்கள் மட்டும் அதைச் சொல்லமாட்டா. பொதுத் தேர்தலில் நம் உறுப்பினருக்கு வெள்ளையினத்தவரில் 43 விழுக்காட்டினரும் கறுப்பினத்தவரில் 89 விழுக்காட்டினரும் வாக்களித்தனர்.

ஐந்து போட்டிகளிலும் கறுப்பினத்தவரிடையே அவருடைய ஆதரவு 89க்குக் கீழே இறங்கவும் இல்லை, 92ஐத் தாண்டவும் இல்லை. வெள்ளையினத்தவரிடையே 16, 37, 49, 37, 43 என அலைந்தது.

கீழமை நீதிமன்றத்தின் முடிவும் காரணமும்

கறுப்பின வாக்காளர்கள் 1981 செப்டம்பரில் தொடுத்திருந்த வழக்கு, புதிய வரைவுக்கு எதிரானதாகத் திருத்தப்பட்டு, பல உறுப்பினர் தொகுதிகள் ஆறையும் மேலவைக்கான ஓர் ஒற்றை உறுப்பினர் தொகுதியையும் எதிர்த்தது. இடையில், 1982 ஜூனில், வாக்களிப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டமான வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை, அந்நாட்டு நாடாளுமன்றமான மத்தியக் காங்கிரஸ் திருத்தியது. பாகுபாட்டு நோக்கத்தை நிறுவத் தேவையில்லை, விளைவு அவ்வாறிருந்தாலே போதும் என்பது திருத்தத்தின் சாரம். எனினும் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப இருக்கை பெறும் உரிமையை இது தரவில்லை என்ற வரியும் அதே பிரிவில் சேர்ந்தது.

மூன்று நீதிபதிகள் கொண்ட மத்திய மாவட்ட நீதிமன்றம் 1984 ஜனவரி 27 அன்று ஏழு தொகுதிகளிலும் வாதிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. டர்ஹாமில் 1973 முதல் ஒவ்வோர் ஈராண்டுக் காலத்துக்கும் கறுப்பினத்தவர் ஒருவர் கீழவையில் இருந்திருக்கிறார் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றிகளை எதிர்ப்பின்மை, பதவியிலிருப்பதன் வலு, தனிக்குறி வாக்கு ஆகியவற்றோடு சேர்த்து எடை போட்டது. முழுப் பட்டியலுக்கும் வாக்களிக்கும் உரிமையை நடைமுறையில் இழந்தால்தான் கறுப்பினத்தவர் தமக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்பதே அதன் காரணத்தில் முதன்மையானது. 1982இல் மற்ற தொகுதிகளிலும் கறுப்பினத்தவர் பலர் வென்றதற்கு, நிலுவையில் இருந்த அந்த வழக்கே ஒரு காரணமாயிருக்கலாம் என்றும் அது கருதியது. ஒற்றை உறுப்பினர் தொகுதிகள் வந்துவிடக் கூடாது என்ற கவலையில் வெள்ளையினத் தலைவர்கள் சிலர் வழக்கத்துக்கு மாறாக ஆதரவு திரட்டியிருக்கலாம் என்பது அந்த ஊகம். வழக்கு நடக்கும்போதே சேரும் சான்று, வழக்கினாலேயே உருமாறக்கூடியது என்ற இந்தக் கூரிய கவனிப்பு, தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

உச்ச நீதிமன்றத்தின் முடிவு

மாநில அரசு ஏழில் ஐந்து தொகுதிகளைப் பொறுத்து மேல்முறையீடு செய்தது. தார்ன்பர்க் எதிர் ஜிங்கிள்ஸ் என அறியப்படும் அவ்வழக்கில் 1985 டிசம்பரில் வாதங்கள் கேட்கப்பட்டு, 1986 ஜூன் 30 அன்று தீர்ப்பு வந்தது. முதன்மைத் தீர்ப்பை நீதிபதி பிரென்னன் எழுதினார். சிறுபான்மையினர் ஓர் ஒற்றை உறுப்பினர் தொகுதியில் பெரும்பான்மையாகும் அளவுக்குப் பெருந்தொகையாகவும் நெருக்கமாகவும் வாழ வேண்டும்; அவர்கள் அரசியலில் ஒன்றுபட்டு வாக்களிக்க வேண்டும்; அவர்கள் விரும்பும் வேட்பாளரை வெள்ளையினப் பெரும்பான்மை வழக்கமாகத் தோற்கடிக்கும் அளவுக்கு ஒரே அணியாக வாக்களிக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகள் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் வந்தன. நான்கு தொகுதிகளில் கீழமை நீதிமன்றத்தின் முடிவு நிலைத்தது. டர்ஹாமில் மட்டும் மாற்றப்பட்டது.

காரணம் சுருக்கமானது. 1972 முதல் 1982 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் டர்ஹாமின் மூன்று இருக்கைகளில் ஒன்று கறுப்பினத்தவருக்குக் கிடைத்திருக்கிறது. மூன்றில் ஒன்று என்பது 36.3 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ ஒப்பானது. இத்தகைய தொடர்ச்சியான விகிதாசாரப் பிரதிநிதித்துவம், கறுப்பினத்தவருக்குத் தமக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கும் சமவாய்ப்பு இல்லை என்ற குற்றச்சாட்டோடு பொருந்தாது என்றார் பிரென்னன். அவ்வப்போது தற்செயலாகக் கிடைக்கும் வெற்றி, வாக்கின் வலுவைக் குறைக்கும் ஒரு முறையைக் காப்பாற்றாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. இரண்டையும் பிரிக்கும் கோடு தொடர்ச்சிதான். ஃபோர்சைத் கவுண்டியில் கறுப்பின வேட்பாளர் 1974இலும் 1976இலும் வென்றார். 1978இலும் 1980இலும் கறுப்பின வேட்பாளர்கள் தோற்றனர். 1982இல் இருவர் வென்றனர். அந்த ஏற்ற இறக்கம் டர்ஹாமில் இல்லை. தொடர் வெற்றியைச் சிறப்புச் சூழ்நிலைகளால் விளக்கிக் காட்டினால் முடிவு வேறாகலாம் என்பதற்கு வாசல் திறந்தே வைக்கப்பட்டது. எத்தகைய சூழ்நிலைகள் போதுமானவை என்பதைத் தீர்மானிக்க இங்கே தேவையில்லை என்று நீதிமன்றம் நின்றுகொண்டது.

நீதிபதிகள் ஸ்டீவன்ஸ், மார்ஷல், பிளாக்மன் ஆகிய மூவர் டர்ஹாம் பற்றிய பகுதியில் உடன்படவில்லை. அங்கும் கீழமை நீதிமன்றத்தின் முடிவே நிற்க வேண்டும் என்பது அவர்கள் நிலை.

பின் நிகழ்ந்தவை

தீர்ப்பு வெளிவந்தபோது நம் உறுப்பினர் சட்டமன்றத்தில் இல்லை. 1984இல் மத்தியக் காங்கிரசின் கீழவைக்கான உட்கட்சித் தேர்தலில் நின்று தோற்று, அத்துடன் தன் மாநில இருக்கையையும் விட்டிருந்தார். அவருடைய வெற்றிகள் காத்துக் கொடுத்த மூன்று உறுப்பினர் தொகுதி அவரின்றித் தொடர்ந்தது. வட கரோலினாவில் பல உறுப்பினர் தொகுதி முறை முடிவுக்கு வந்தது 2002இல்தான். அதுவும் வாக்குரிமைச் சட்டத்தின்கீழ் அன்று. மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மாநில அரசியலமைப்பைப் பொருள்கொண்ட விதத்தில், சிறு தொகுதியில் ஓர் உறுப்பினரையும் பெருந்தொகுதியில் பலரையும் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களிடையே சமன் இல்லை என்ற அடிப்படையில், ஒற்றை உறுப்பினர் தொகுதிகளையே பொது விதியாக்கியது. கவுண்டியைப் பிளக்கக் கூடாது என்ற பழைய விதியும் அதே தீர்ப்பில், மத்தியச் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்குள், மீண்டும் உயிர் பெற்றது.

மாற்றப்பட வேண்டியவை

ஆறு தேர்தல்கள் தொடர்ந்து ஒரே முடிவைத் தரும்போது அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. மேலும் அந்த ஆறும் ஒரே மனிதரின் செல்வாக்கால் வந்தவை அல்ல, நம் உறுப்பினர் அவற்றில் பின் மூன்றுக்கு மட்டுமே உரியவர். அந்த அளவில் பெரும்பான்மைத் தீர்ப்பின் தர்க்கம் எனக்கு ஏற்புடையதே. என் ஐயம் வேறிடத்தில். இனவாரி வாக்கு மதிப்பீடுகள் 1978, 1980, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கே செய்யப்பட்டன. 1972, 1974, 1976 தேர்தல்களில் யார் எதிர்த்து நின்றார், வெள்ளையினத்தவரில் எத்தனை பேர் ஆதரித்தனர் என்ற ஆய்வு இல்லாமலேயே அந்த மூன்று வெற்றிகளும் எண்ணிக்கையில் சேர்ந்தன. கிடைத்த மூன்று ஆண்டுகளிலோ, குறைந்தது ஒன்றில் முடிவு வாக்குக்கு முன்பே உறுதியாகியிருந்தது. இத்தகைய வழக்குக்குச் சான்று தொகுப்போர், தொடர்ச்சி என்று காட்டப்படும் காலம் முழுவதற்கும் ஒரே ஆழத்தில் ஆய்வு செய்திருந்தால், சிறப்புச் சூழ்நிலை என்ற திறந்த வாசலில் நுழைய வாதிகளுக்கு ஏதேனும் கையில் இருந்திருக்கும்.

தேர்தல் வரலாறுகளைத் தொகுக்கும் நம் வழக்கத்திலும் இது பொருந்தும். பல உறுப்பினர் தொகுதி ஒன்றில் ஒருவர் பெற்ற வாக்கை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். எத்தனை இருக்கைக்கு எத்தனை பேர் நின்றார்கள், சராசரி வாக்காளர் தம் வாக்குகளில் எத்தனையைப் பயன்படுத்தினார், உட்கட்சித் தேர்தலில் யார் யார் விலகினார்கள் என்பவை அருகிலேயே இருக்க வேண்டும். இந்தப் பதிவையே மீண்டும் எழுதுவதானால், மூன்று வெற்றிகள் என்று தொடங்காமல், 1982 உட்கட்சித் தேர்தலின் வேட்பாளர் பட்டியலை முதல் வரியில் வைப்பேன்: இருக்கைகள் மூன்று, நின்றவர் நால்வர், அவர்களில் வெள்ளையினத்தவர் இருவர்.